போகி எரிந்த மைதானம்

பம்பாயில் பொங்கலுக்குத் தனியாகச் சமைக்கும்போது நெய்வேலி நினைவு வரும். அங்கே எங்கள் குவார்ட்டர்ஸுக்கு எதிரே ஒரு மைதானம். ஷிப்ட் முடிந்து எல்லா ஜில்லாக்காரர்களும் அங்கேதான் கூடிப் பேசுவோம். வீட்டுக் குப்பையைக் குவித்து லாரியில் ஏற்றும் கிடங்கை அங்கே வைக்கப் போகிறார்கள் என்றதும் எதிர்த்து மனுக் கொடுத்தோம். ஆனாலும் போகியன்று பழக்கத்தில் பழம்பாய்களை அங்கேயே எரித்துவிட்டோம்.

பார்வையிட வந்த அதிகாரி சிரித்தார். "நீங்களே குப்பமேடு ஆக்கிட்டீங்களே!"

"வாய வச்சிக்கினு சும்மா நிக்கிறியேய்யா," என்று, மனுவை முன்னின்று கொடுத்த கண்ணையனைத் திட்டினாள் அவன் மனைவி மாணிக்கம்மாள்.

மறுநாள் அவளே சாம்பலை வாரி, சாணம் தெளித்து, அதே இடத்தில் பொங்கல் பானை ஏற்றினாள். நாங்களும் அடுப்பு மூட்டினோம். பக்கத்து வீட்டு சித்தீகா வெல்லம் கொடுத்தாள்.

அந்தப் பக்கம் வந்த அதிகாரியை மாணிக்கம்மாள் மறித்தாள். "பொங்க வெச்ச எடங்க. இங்கயா குப்ப கொட்டுவீங்க? குந்துங்க, சாப்ட்டு போங்க."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். கிடங்கு வேறு இடத்துக்குப் போனது.