குல்ஃபியை யாரிடம் விடுவது

"ஏதாவது அலாரம் அடிக்கிறதா?" என்று மூன்றாவது முறையாக வீடியோ மீட்டிங்கில் அந்த வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்டபோது, சாதனா மைக்கை அணைத்துவிட்டுக் கூண்டைப் பார்த்து வாய்விட்டுத் திட்டினாள். குல்ஃபி இன்னும் பலமாகக் கத்தியது.

அவள் கணவன் அஷ்வத்துக்குச் சரக்குக் கப்பலில் வேலை. வங்காளத்தில், பெஹாலா வீட்டில் தனியாக இருக்கிறாளே, துணையாக இருக்கட்டும் என்று மஞ்சளும் ஆரஞ்சுமாக இந்த வெளிநாட்டுக் கிளியை வாங்கி வந்தான். இரண்டு மாதம் தோளில் வைத்துக் கொஞ்சினான். பிறகு கப்பலேறிவிட்டான். கொஞ்சல் அவனோடு போயிற்று. வேலை அவளிடம் தங்கிவிட்டது.

காலையில் கண் விழித்ததும் கூண்டுத் தட்டைக் கழுவ வேண்டும். வெறும் விதை போட்டால் ஈரல் கெடும் என்று டாக்டர் சொன்னதால் சோளம், கீரை, மாதுளை என்று நறுக்க வேண்டும். நான்ஸ்டிக் கல் அதிகம் காய்ந்தால் வரும் புகை கிளியைக் கொன்றுவிடுமாம். இரும்புக் கல் வாங்கினாள். ஊதுபத்தி நின்றது. கொசுவர்த்தியும் நின்றது, கொசு மட்டும் நிற்கவில்லை. மாலை ஏழு மணிக்குக் கூண்டை மூடி, டிவியையும் அணைக்க வேண்டும். இவ்வளவு செய்தும் அது கடித்தது அவளைத்தான். இரண்டு விரல்களில் பிளாஸ்திரி இருந்தது.

"இது இருபத்தஞ்சு வருஷம் இருக்குமாமே? நீ சொல்லவே இல்ல?" என்று போனில் கேட்டாள்.

"இருந்தா நல்லதுதானே?" என்றான் அஷ்வத். அத்துடன் சிக்னல் போய்விட்டது.

திருச்சியில் தங்கைக்கு வளைகாப்பு. பத்து நாள் விடுப்பும் கிடைத்துவிட்டது. கிளியைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆளில்லை. அலுவலகத் தோழி ஒருத்தி, அதே ஊரில் டாலிகஞ்சில் தனியாக இருக்கும் தன் சித்தி தாரா ஆசையாக வளர்ப்பார் என்றாள். பத்து நாள் எதற்கு, ஒரேயடியாகக் கொடுத்துவிடலாம் என்று சாதனா முடிவு செய்தாள்.

சனிக்கிழமை மாலை வாடகைக் காரில் கூண்டைக் கொண்டுபோய் இறக்கினாள். தாராதி, அங்கே அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள், வாய் நிறையச் சிரித்து, சந்தேஷ் என்ற பால் இனிப்பு கொடுத்து உபசரித்தார். சாதனா எழுதிக் கொண்டுவந்த இரண்டு பக்கக் குறிப்பை, கண்ணாடி போடாமலே ஃபிரிட்ஜ் மேல் வைத்தார்.

"இவ்வளவு சட்டமா? பறவைதானே அம்மா! டீயில் பிஸ்கட் நனைத்துக் கொடுத்தால் சாப்பிடாதா?" என்றார் ஹிந்தியும் வங்காளமும் கலந்து.

"டீ மட்டும் வேண்டாம் தீதி. புகையும் ஆகாது."

"சரி, சரி."

மாடிப்படி இறங்கித் தெருவுக்கு வந்தபின்தான், கூண்டு மூடும் துணி தன் பையிலேயே இருப்பது தெரிந்தது. திரும்ப ஏறினாள். கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்கேற்றும் நேரம்; சாம்பிராணிப் புகை கூடத்தில் திரண்டு நின்றது. கூண்டின் மூலையில் குல்ஃபி வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

சாதனா கூண்டைத் தூக்கிக்கொண்டு வெளியே பால்கனிக்கு ஓடினாள்.

"என் அம்மா காலத்திலிருந்து போடும் புகை," என்றார் தாராதி, பின்னாலேயே வந்து. முகம் வாடியிருந்தது. "அதை உன் கிளிக்காக நிறுத்த முடியுமா? உன்னால் விட முடியாதென்றால் ஏன் கொண்டுவந்தாய்?"

சாதனா மன்னிப்பு மட்டும் கேட்டாள். திரும்பி வரும் வழியெல்லாம் குல்ஃபி கத்தியது. எப்படியோ மூச்சு சீராகிவிட்டது என்ற நிம்மதியும், பழையபடி மாட்டிக்கொண்டோமே என்ற ஆத்திரமும் சேர்ந்து அவளுக்கு அழுகை வந்தது.

"ஒரு கிளிக்காக சொந்தத் தங்கச்சி வளைகாப்புக்கு வரமாட்டியாடி?" என்று அம்மா போனில் கேட்டாள்.

"வரமாட்டேன்னு யாரும்மா சொன்னா? விட்டுட்டு வர எடமில்ல!"

செவ்வாய்க்கிழமை தாராதியே கூப்பிட்டார். கோபம் குரலில் இன்னும் மிச்சமிருந்தது. "என் வீட்டில் புகையை நிறுத்த மாட்டேன். ஆனால் உன் வீட்டில் வந்து உட்காரலாம். மூன்று நாள். அதற்கு மேல் என்னால் ஆகாது."

பத்து நாள் மூன்றானது. மறுநாளே தாராதி பழகிப்பார்க்க வந்தார். இந்தமுறை கண்ணாடி போட்டுக் குறிப்பைப் படித்தார். சிலதுக்கு உதட்டைப் பிதுக்கினார். கூண்டைத் திறந்ததும் குல்ஃபி நேரே அவர் தோளில் ஏறி, காதோரம் அலகை வைத்துக் கொஞ்சியது. கடிக்கவே இல்லை.

"எவ்வளவு சாது!" என்றார் தாராதி.

சாதனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டு மாதமாகக் கீரை நறுக்கியவள் இங்கே நிற்கிறாள்! அது வெறும் எரிச்சல் இல்லை, பொறாமை என்று புரிந்தபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"மாதுளை ரெண்டு வேளைக்கு மேல குடுக்காதீங்க தீதி," என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டு, பெட்டியில் துணி அடுக்கப் போனாள்.