சொல்லாத பாதி

"டாக்டர் இன்னா சொன்னாரு கலா? மாசி மாசம் நம்ம பாடு வருதே, தண்ணில நிக்கலாமா?"

எழுபத்து நான்காம் வருஷம், மெட்ராஸ் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அண்ணன் பூவராகவன் கேட்டான். எட்டாவதோடு நின்றுவிட்டாலும் வீட்டில் படித்தவள் சந்திரகலாதான். அதனால் டாக்டர் அவளிடம்தான் பேசினார். படகு நசுக்கிய காலில் ரத்தம் கட்டி, ஒரு துண்டு நுரையீரல் வரை போய்விட்டது. மருந்து கொடுத்தால் வயிற்றில் ரத்தம் கசிந்தது. ஆகவே கழுத்து நரம்பு வழியாகக் குடை மாதிரி ஒரு சின்னக் கம்பியை இறக்கி, வயிற்றுப் பெரிய நரம்பில் விரித்து வைக்க வேண்டும், இனி வரும் கட்டியை அது தடுத்துவிடும் என்றார்.

"உயிருக்கு நல்லது. ஆனா குடையே அடைச்சுக்கிட்டா ரெண்டு காலும் வீங்கி, வீக்கம் வடியாமலே போயிடலாம். நிக்கிற வேலை முடியாம போகலாம். அண்ணன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடும்மா."

தலையாட்டிவிட்டு வந்தவளுக்குக் கட்டிலருகே முதல் பாதிதான் வாயில் வந்தது. மீதியையும் சொன்னால் எழுந்து சொந்த ஊர் பழவேற்காட்டுக்கே போய்விடுவான்.

"நிக்கலாம்ணா."

"அப்போ கம்பி எதுக்கு, குடையவே வெச்சுத் தைக்கட்டும். மழைக்கு ஆச்சு," என்று கைநாட்டு வைத்தான்.

ஏரியில் எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போடும். அதுதான் பாடு. முடியாதவன் முன்பே சொன்னால் பங்காளி பெயருக்கு மாற்றலாம். நாள் வந்தபின் முடியவில்லை என்றால் அந்த வருஷம் போச்சு. அண்ணன் ஊர் திரும்பியதும், மாசிக்கு முன்பே துலுக்காணம் மாமா வந்து, பெயரை மாற்றலாமா என்று கேட்டார்.

"என் பேர்லயே இருக்கட்டும் மாமா. தங்கச்சி டாக்டரையே கேட்டுக்கினு வந்துச்சு."

சந்திரகலா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

மாசிக்குள் கால்கள் பனந்துண்டு மாதிரி ஆகிவிட்டன. பாடு நாளில் சேற்றில் புதைந்த காலை அவனால் தூக்க முடியவில்லை. இரண்டு பேர் கரைக்குத் தூக்கி வந்தார்கள்.

பிறகு கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பெனி வாசலில் உட்காரும் வேலை கிடைத்தது. முதல் நாள் காலை செருப்பு காலில் நுழையவில்லை. வாரை அறுத்துக் கொடுக்கும்போது சந்திரகலா குனிந்தபடியே சொன்னாள்.

"கால் வீங்கும்னு டாக்டர் அன்னிக்கே சொன்னாருண்ணா. நான்தான் மறைச்சேன்."

"சொல்லியிருந்தா இவரு ஒத்துக்கினு இருப்பாரா? ஆளே இருந்திருக்க மாட்டாரு," என்றாள் அண்ணி கோவிந்தம்மா.

"அத அண்ணன்தான் சொல்லணும் அண்ணி."

பூவராகவன் தங்கையையே பார்த்தான். அவள் நீட்டிய செருப்பை வாங்கவில்லை. வெறுங்காலோடு, சுவரைப் பிடித்துப் பிடித்து, பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்தான்.