பின்வாங்க இடமில்லாத கப்பல்கள்

ஜப்பானின் ஒனோமிச்சி ஊர்ப் பொது மண்டபத்து மாடியறையில், ஞாயிறு மதியம், பலகை ஆட்டமொன்றில் சிஹோவின் கப்பற்படை வசமாக மாட்டிக்கொண்டது.

அந்த ஆட்டமே அவள் உருவாக்கியதுதான். பல் மருத்துவமனை வேலை முடிந்து வந்து, இரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்தது. நாளை காலை அச்சுக்குப் போகிறது. இனி ஒரு ஓட்டை இருந்தால் அது பெட்டியோடு கடைக்கே போய்விடும்.

விதி இவ்வளவுதான்: கடற்சண்டையில் தோற்ற படை, பக்கத்திலுள்ள தன் துறைமுகத்துக்கோ காலியான கடற்கட்டத்துக்கோ பின்வாங்க வேண்டும். இரண்டு வருடமாக ஊர் நண்பர்கள் கூடி ஆடிப் பார்த்தும் இதில் ஒரு சிக்கலும் வந்ததில்லை. இன்று மினேகோ வந்தாள். கல்யாணமாகி ஒசாகாவிலிருந்து இந்த ஊருக்கு வந்தவள்; ஆட்டத்துக்குப் புதுசு. முதலில் சிஹோவின் துறைமுகத்தைப் பிடித்தாள், சுற்றியிருந்த கட்டங்களிலெல்லாம் கப்பலை நிறுத்தினாள், அப்புறம்தான் நடுவில் சிக்கிய படையை அடித்தாள். பகடையும் அவள் பக்கமே விழுந்து தொலைத்தது.

"இப்ப உங்க கப்பலெல்லாம் எங்க போகும், சிஹோ சான்?" என்று மரியாதை குறையாமல்தான் கேட்டாள் மினேகோ.

விதிப்புத்தகத்தைப் புரட்டு புரட்டென்று புரட்டியும் பதில் இல்லை. மூன்றாவது ஆள் தொகிதா, பஸ் டிப்போக்காரர், முதலிலிருந்தே சிஹோவோடு ஆடுகிறவர், பச்சைத் தண்ணீரைக்கூடப் பல்லில் படாமல் குடிக்கிற மனிதர். சந்தேகம் வந்தால் கையால் கல், கத்தரி, காகிதம் போட்டு முடிவு செய்வதுதானே நம் வழக்கம் என்றார். மினேகோ விடுவாளா? காசு கொடுத்து வாங்குகிறவர்களும் அதையேதான் செய்ய வேண்டுமா, ஆட்டத்தைச் செய்தவரே தீர்ப்புச் சொல்லட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டாள்.

தோற்ற படை இருந்த இடத்திலேயே நிற்கும் என்று சொல்லிவிட்டால் கப்பல்கள் பிழைக்கும், வெற்றியும் சிஹோவுக்கே. நாக்கு நுனிவரை வந்தும் விட்டது. ஆனால் வேறொன்று உறுத்தியது.

"இத்தனை நாள்ல இது ஏன் ஒரு தடவைகூட வரல, தொகிதா சான்?"

அவர் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உங்க கப்பல் தப்பிக்க ஒரு வழியத் திறந்து வச்சிடுவோம். எல்லாருந்தான். நீங்க கஷ்டப்பட்டுச் செஞ்ச ஆட்டம், உங்களையே மூழ்கடிக்கிறது நல்லா இருக்காதில்லையா?"

"அப்போ நான் ஜெயிச்சதெல்லாம்?"

"எல்லாமே இல்ல," என்றார், இன்னும் மெல்லிய குரலில்.

சிஹோவுக்கு முகம் சுண்டிப்போனது. அழுகைகூட வரப் பார்த்தது. இரண்டு வருடம் இவர்கள் ஆடியது ஆட்டமே இல்லை, மரியாதை. இந்த ஆட்டத்தில் சரக்கு இருக்கிறதா இல்லையா என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது, அவளுக்கும் சேர்த்துத்தான்.

பேனாவை எடுத்தாள். பின்வாங்க இடமில்லாத படை மூழ்கும் என்று எழுதினாள். தன் கப்பல்களைத் தானே பொறுக்கிப் பெட்டியில் போட்டாள். மினேகோ ஜெயித்தாள்.

"மறுபடி ஆடலாம். யாராவது வழி விட்டீங்க, கெட்ட கோவம் வரும்."

தொகிதா தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். மினேகோவை ஒரு மூலையிலும் சிஹோவை இன்னொரு மூலையிலும் அடைத்து, இரண்டு பேரையும் ஈவிரக்கமில்லாமல் மூழ்கடித்தார். காதெல்லாம் சிவந்திருந்தது. அறையைப் பூட்ட ஆள் வந்து கதவருகே நின்றதை அவர் கவனிக்கவே இல்லை.

"இன்னொரு ஆட்டம் போடலாமா?" என்றார்.

இரண்டு வருடத்தில் அவர் இப்படிக் கேட்டதே இல்லை. சிஹோ அவசர அவசரமாகக் கப்பல்களை மறுபடி அடுக்கத் தொடங்கினாள்.