ஃபேன் சத்தம் மட்டும்

ஓட்டல் சலவைக்கூடத்தில் என் இரண்டு கையும் ஈரப் போர்வைக்குள் இருந்தன. அதனால் கழுத்தில் தொங்கிய போனிடம் பேசினேன். அது எழுத்தாக்கி ஊரிலிருக்கும் தங்கைக்கு அனுப்பியது; அவள் எழுதும் பதிலை எனக்குப் படித்துக் காட்டியது. அவளுக்குக் காது கேட்காது.

"வாலு, வீடியோ ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சுண்ணா. ஆனா காலேஜ் வெப்சைட்டுல திறந்தா கறுப்பா இருக்கு. என் போன்ல மட்டும் நல்லா ஓடுது."

சைகை மொழியில் அவள் தன்னை அறிமுகப்படுத்தும் ஒரு நிமிட வீடியோ அது. அதைப் பார்த்துத்தான் காலேஜில் இடம் கொடுப்பார்கள். நான்கு மணிக்கு விண்ணப்பப் பக்கத்தை மூடிவிடுவார்கள். நான் இருந்தது வெளிநாட்டில்; ஊரில் அப்போது மணி மூன்று.

அம்மா குரல் பதிவு அனுப்பினாள்: "ஏன்டா பதறுற? நான் கேட்டுப் பாத்தேன். ஃபேன் சத்தம்கூட தெளிவா வருது."

"அம்மா! அவ கையால பேசியிருக்கா. ஃபேனுக்கா சீட்டு குடுப்பாங்க?"

தெருமுனை செல்போன் கடைக்காரர் வீடியோக் கோப்பின் பெயரில் கடைசி எழுத்துகளை அழித்து 'எம்பி4' என்று போட்டுக் கொடுத்தாராம். மறுபடி ஏற்றினாள். மறுபடி கறுப்பு.

"பலகையை மாத்தினா கடை மாறுமா? உள்ள இருக்குற படத்தை பிரவுசருக்குப் படிக்கத் தெரியல" என்று போனிடம் கத்தினேன். மேற்பார்வையாளர் திரும்பிப் பார்த்தார். வேலை செய்வதுபோல் போர்வையை உதறினேன்.

அப்போதுதான் பொறி தட்டியது. அந்தப் போனை வாங்கி அனுப்பியது நான். போனில் இடம் மிச்சமாகட்டும் என்று கேமராவில் படத்தைச் சுருக்கிப் பதியும் புதிய வகையைப் போட்டு வைத்ததும் நான்தான். கெட்டிக்காரன்!

"கேமரா செட்டிங்ஸ் போ. வீடியோ வகையில பழசைத் தேர்ந்தெடு. திரும்ப எடு."

"முதல்லயே மூணு தடவை எடுத்தேண்ணா. கை வலிக்குது."

"தப்பு என்னுதுதான். அப்புறம் திட்டு. இப்ப எடு."

மூன்று ஐம்பத்தொன்றுக்குப் பதில் வந்தது. "படம் வருது."

அவளுடைய கடவுச்சொல்லைப் போட்டு, ஈர விரலால் நானே அந்தப் பக்கத்தைத் திறந்தேன். திரையில் வந்தாள். முன்பு எனக்கு அனுப்பிய வீடியோவில் சிரித்தவள் இதில் புருவம் நெரித்து, விரல்களைச் சண்டைக்காரிபோல் வீசினாள். தன்னைப் பற்றிச் சொல்கிறாளா, என்னைத் திட்டுகிறாளா என்று ஒரு கணம் குழம்பினேன். ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகத் தெரிந்தது.

"அண்ணா, நான் சிரிக்கவே இல்ல. இன்னொரு தடவை எடுக்கவா?"

மணி மூன்று ஐம்பத்தேழு.

"வேணாம் தாயே. விண்ணப்பத்தை அனுப்பு."