எக்ஸ்போஸ் ஊரில் ஒரு அடி

மொன்றியலில் 2003 மார்ச் பனி கொட்டிக்கொண்டிருக்க, கஜந்தி புதுக் கணவன் சாம்பவனோடு வெஸ்ட் பாம் பீச்சில் வந்திறங்கினாள். மொன்றியலின் எக்ஸ்போஸ் பேஸ்போல் அணி பல வருடம் வசந்தகாலப் பயிற்சி எடுத்த அமெரிக்கக் கடற்கரை நகரம் அது. எக்ஸ்போஸ் என்றால் அவளுக்கு உயிர்.

கடலுக்குப் போகும் வழியில், மெஷின் வீசும் பந்தை யாரும் அடித்துப் பார்க்கக்கூடிய மைதானமொன்று தென்பட்டது.

"காரை நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினாள் கஜந்தி.

மட்டையோடு போய் நின்றவளுக்கு முதல் பந்து தப்பியது. இரண்டாவதை விளாசினாள். அது வேலியைத் தாண்டிப் பறந்தது. நின்றவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள்.

சாம்பவன் வாயைப் பிளந்தான். "இதெல்லாம் எங்கையப்பா பழகினனீர்?"

"மட்டக்களப்பில படிக்கேக்க, பேஸ்போல் மாதிரி எங்கட 'எல்லே' விளையாட்டு டீமுக்கு நான்தான் கப்டன். அங்க மூங்கில் தடியால அடிச்சனாங்கள், இது சும்மா!" அவள் மட்டையைக் கீழே வைக்கவில்லை. "நீங்க கடலுக்குப் போங்கோ. நான் பேந்து வாறன்."