யூதாஸ் போட்டிருந்த சட்டை

உயிர்ப்பு ஞாயிறு காலைப் பூசைக்குப் போய்வந்த என் புருஷன் எவரிஸ்தோ, சுட்டு வைத்த சோள ரொட்டி அரேப்பாவைத் தொடவில்லை. எழவு வீட்டில்கூட இரண்டாவது தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற மனுஷன். கதவைச் சாத்தி அதில் முதுகைக் கொடுத்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"தெரிஞ்சு போச்சு, கசில்தா. ஊருக்கே தெரிஞ்சு போச்சு."

"என்னய்யா தெரிஞ்சுது?"

"போய் யூதாஸைப் பாரு. என் சட்டையைப் போட்டுக்கிட்டுத் தொங்குறான்."

எங்கள் ஊரில் உயிர்ப்பு ஞாயிறு அந்தியில் யூதாஸைக் கொளுத்துவோம். வாழைச்சருகும் வெடியும் அடைத்த பொம்மை. காலையிலேயே கோயில் எதிரே மாமரத்தில் தூக்கில் தொங்கும். அந்த வருஷம் ஊர் யாரைக் காறித் துப்புகிறதோ, அவன் சாயலில்தான் செய்வார்கள். ஒருமுறை மருந்துக்கடைக்காரன் எரிந்தான். மறுவாரமே கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டான்.

இந்த வருஷம் நிக்கானோர்தான் என்று பேசிக்கொண்டார்கள். நிக்கானோர் எங்கள் மகளுக்கு ஞானத்தகப்பன், எவரிஸ்தோவுக்குக் கொம்பாத்ரே. எங்கள் பக்கம் அந்த உறவு கூடப்பிறந்தவனைவிட ஒரு படி மேல். போன வருஷம் பெரிய புதன்கிழமை, சிலுவை சுமக்கும் ஆண்டவர் சுரூபத்தை இவர்கள் இருவரும் முன்னால் தோள் கொடுத்துத் தூக்கிப் போனார்கள். கோயில் வாசலில் சுரூபம் சாய்ந்து விழுந்து, ஆண்டவரின் வலக்கை மணிக்கட்டோடு முறிந்தது. "நிக்கானோர் விட்டுட்டான்! குடிச்சிருக்கான்!" என்று கத்தியது என் புருஷன். ஊர் நம்பியது. அதோடு நிக்கானோர் சுரூபத்தைத் தொடக்கூடாது என்றார்கள். அவரோடு கடலுக்குப் போகவும் ஆள் வரவில்லை. அவர் மனைவியை வழியில் பார்த்தால் நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"விட்டது நான்," என்றார் எவரிஸ்தோ. "குடிச்சிருந்ததும் நாந்தான். இன்னைக்கு என்னைக் கொளுத்தப் போறாங்க, கசில்தா."

உலக்கை கையில் இருந்திருந்தால் அப்போதே மண்டையில் போட்டிருப்பேன்.

அந்தச் சட்டை எனக்குத் தெரியும். நீலத்துணியில் நானே பை வைத்துத் தைத்தது. அக்குளில் கிழிந்து கிடந்தது. பெரிய வெள்ளியன்று பொம்மைக்குப் பழந்துணி கேட்டு வந்தார்கள். எடுத்துக் கொடுத்தவள் நான். ஊருக்கு ஒன்றும் தெரியாது. இதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும்.

வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். சொன்னால் பயம் போய்விடும், பொய் எங்கள் வீட்டிலேயே குடியிருக்கும். சொல்லாவிட்டால்? அந்தியில் அத்தனை பேர் வயிற்றிலும் ரம் இருக்கும், கையில் பந்தம் இருக்கும்.

"போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணு," என்றேன். "பெரிய வாரத்துக்கு மட்டும் வர்ற சாமியார், ஜீப்புல ஏறிட்டாருன்னா இனி அடுத்த வருஷம்தான்."

ஜீப் புறப்படத் தயாராக நின்றது. சாமியார் அதன் படியில் உட்கார்ந்து காது கொடுத்தார். எவரிஸ்தோ புழுதியில் மண்டியிட்டார். நான் மதிலோரம் நின்று ஜெபமாலையை உருட்டினேன். மங்கள வார்த்தை ஜெபம் பாதியிலேயே மறந்து மறந்து போனது. மன்னிக்க முடியாது என்று சொல்லிவிட்டால் இந்த மனுஷன் எங்கே போவார்?

சாமியாரின் கை உயர்ந்து சிலுவை வரைந்தது. பிறகு அவரே இவரைத் தூக்கி நிறுத்திக் கட்டிக்கொண்டார்.

எவரிஸ்தோ திரும்பி வந்தபோது அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "திட்டப் போறாரு, திட்டப் போறாருன்னு காத்துக்கிட்டே இருந்தேன். திட்டவே இல்ல. ‘ஆண்டவர் ஒரு வருஷமா உனக்காக வாசல்லயே நின்னுக்கிட்டிருக்காரு, ஏன்டா இவ்வளவு லேட்டு’ன்னாரு." மார்பிலிருந்து பாறையை எடுத்துப்போட்ட மாதிரி இருக்கிறது என்றார். உடனே முகம் சுருங்கியது. "பொய் சொன்ன எடத்துலயே உண்மையைச் சொல்லணுமாம்."

மன்னிப்புக் கிடைத்த பிறகும் பயம் விடவில்லை. அந்திவரை வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

கோயில் முன்னால் மத்தளம் அதிர்ந்தது. சுவரோரம் தனியாக நின்ற நிக்கானோரைப் பார்த்து எவனோ கத்தினான்: "நிக்கானோரு, உன் தம்பி தொங்குறான், வந்து முத்தம் குடுத்துட்டுப் போ!" கூட்டம் சிரித்தது. எவரிஸ்தோ பந்தங்களை விலக்கிக்கொண்டு போய் யூதாஸின் காலடியில் நின்றார்.

"நிறுத்துங்க! சுரூபத்தை விட்டது நிக்கானோர் இல்ல, நான். குடிச்சிருந்தவனும் நான். இது என் சட்டைதான். எரிக்கிறதுன்னா என்னை எரிங்க."

மத்தளம் நின்றது. "அடப்பாவி!" என்றது ஒரு குரல். அழுகிய மாங்காய் ஒன்று அவர் மார்பில் அடித்துச் சிதறியது. கூட்டம் நெருக்கியது. எனக்கு அவரிடம் போக வழி கிடைக்கவில்லை. அப்போது நிக்கானோர் எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். கையில் மீன் அறுக்கும் கத்தி.

"மாதாவே!" என்று அலறிவிட்டேன்.

நிக்கானோர் கையை உயர்த்திக் கயிற்றை அறுத்தார். யூதாஸ் எவரிஸ்தோவின் மேல் விழ, இருவரும் மண்ணில் உருண்டார்கள். நிக்கானோர் குனிந்து பொம்மையின் சட்டையைக் கழற்றி உதறி நீட்டினார்.

"போட்டுக்க, கொம்பாத்ரே. யூதாஸ் அம்மணமா எரியட்டும். அவனுக்கு எதுக்கு உன் சட்டை?" அப்போதுதான் அவர் குரல் உடைந்தது. "எல்லாரும் சொல்லிச் சொல்லி, நாந்தான் விட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சுடா."

எவரிஸ்தோ அவர் காலைக் கட்டிக்கொண்டார். நான் ஓடிப்போய் நிக்கானோரின் மனைவி கையைப் பிடித்தேன். அவள் உதறிவிட்டு, பிறகு தானே பிடித்துக்கொண்டாள். யூதாஸ் எரிந்தான். வெடிச் சத்தத்தில் எங்கள் அழுகை யாருக்கும் கேட்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சருகு குத்துகிறது என்று சொறிந்துகொண்டே வந்தார். அப்போது சொன்னேன். "அதைக் குடுத்தது நாந்தான்யா. கிழிசல்னு குடுத்தேன். ஊருக்கு ஒண்ணும் தெரியாது."

நின்றுவிட்டார். "அடிப்பாவி! காலையிலயே சொல்லக்கூடாதா? எனக்கு உயிர் போய் உயிர் வந்துச்சே!"

"உயிர்ப்பு ஞாயிறுதானேய்யா," என்றேன். "வேற என்னைக்கு வரணும்?"