வேப்பம்பூ கடலுக்குப் போனது

டில்லியிலேயே பிறந்து, டில்லியிலேயே டைப் பழகி, டில்லியிலேயே வேலைக்கும் சேர்ந்த ஜலஜாவுக்குக் கடல் எப்படி இருக்கும் என்று தெரியாது. ஆனால் கடற்கரை ஹோட்டலில் கிறிஸ்துமஸ் விருந்துக்கு எதற்குப் பின்னால் எதைப் பரிமாறுவார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள்.

அவள் வேலை பார்த்தது அரசாங்க ஹோட்டல் கழகம் ஒன்றின் தலைமை அலுவலகத்தில். கழகத்துக்கு ஒரிஸ்ஸா பக்கம், கடலைப் பார்த்தபடி ஒரு ஹோட்டல் இருந்தது. டிசம்பர் இருபத்துநாலு தொடங்கி ஜனவரி ஒன்று வரை அங்கே ஒரே கொண்டாட்டம். ஆனால் என்ன சமைப்பது, பாண்டு வாத்தியம் எத்தனை மணிக்கு, காகிதக் குல்லாய் எத்தனை டஜன் என்பதெல்லாம் டில்லியில்தான் முடிவாகும். சர்க்கார் காரியம் வேறு எப்படி இருக்கும்? அடுப்பு ஓர் ஊரில், உத்தரவு ஓர் ஊரில். அந்த உத்தரவைப் பதினோரு வருஷமாக ஸ்டென்சிலில் அடித்துக்கொடுத்தவள் ஜலஜா.

அடிக்க உட்கார்ந்துவிட்டால் அவள் அந்த அறையிலேயே இருக்க மாட்டாள். வெளியே டிசம்பர் மூடுபனி ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கும். காலடியில் ஹீட்டர் சிவந்திருக்கும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் விருந்து என்று அவள் அடித்ததும் மெழுகுவர்த்திகள் ஒவ்வொன்றாக ஏற்றப்படும். வெள்ளை விரிப்புப் போட்ட மேஜைகள் புல்தரையில் வந்து உட்காரும். பட்டுப்புடவைக்காரிகளும் தொப்பிக்காரர்களும் வருவார்கள். தூரத்தில் கறுப்பாக ஏதோ ஒன்று அசைந்துகொண்டே இருக்கும். அதுதான் கடல். அதன் சத்தத்துக்கு அவளிடம் ஒன்றும் இல்லை. டைப் மிஷினின் சத்தத்தையே அதற்குக் கொடுத்திருந்தாள்.

நாலு வருஷத்துக்கு ஒரு தரம் ரயில் சலுகையில் கும்பகோணம் போய்வருவது உண்டு. சென்னை வழியாகத்தான் போவார்கள். ஆனால் சென்ட்ரலில் இறங்கிப் படுக்கையும் கூஜாவுமாக எழும்பூருக்கு ஓடுகிற அவசரத்தில் கடலுக்கு ஏது நேரம்? "கடல்ல என்ன இருக்கு, தண்ணிதானே!" என்பான் அவள் புருஷன் ஜம்பு. டில்லி ஜனக்புரி வீட்டுக் குழாயில் அந்தத் தண்ணீரும் வராது என்பது வேறு விஷயம்.

எழுபத்தொன்பதாம் வருஷம் அவளுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. கொண்டாட்ட நாட்களில் ஒத்தாசைக்கு என்று தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவரை ஹோட்டலுக்கு அனுப்புவது வழக்கம். ஒத்தாசை என்பது பேருக்கு. போகிறவர்கள் ஒன்பது நாள் மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டுவிட்டுச் சங்குச் சாமான் வாங்கிவருவார்கள். இந்தத் தடவை பிரிவு அதிகாரி கஸ்தூரிரங்கனே கூப்பிட்டுச் சொன்னார்: "ஜலஜா, உன் பேரைத்தான் பைல்ல எழுதியிருக்கேன். பதினோரு வருஷம் ஒரு தப்பு இல்லாம அடிச்சிருக்கே. போய்ட்டு வா."

அன்றைக்கு அவள் வீட்டுக்கு எந்த பஸ்ஸில் போனாள் என்பதே அவளுக்கு நினைவில்லை. இந்தச் சந்தோஷத்தில்தான் அந்தத் தப்பு நடந்தது.

டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி விருந்தை அடித்துக்கொண்டிருந்தாள். தலைப்பு, புது வருஷ விருந்து. சூப் அடித்தாள். அடுத்தது மீன். ஆனால் இந்தத் தடவை மேஜையில் உட்காரப் போவது அவள். அவள் மீன் சாப்பிட மாட்டாளே! அப்படியானால் அவளுக்கு என்ன? புது வருஷம் என்றால் அவள் வீட்டில் கசப்பும் ஒன்று இலையில் விழ வேண்டும். கையும் மனசும் ஒரே கடற்கரையில் திரிந்துகொண்டிருந்தபோது விரல்கள் தாமாகவே இங்கிலீஷில் அடித்துவிட்டன: வேப்பம்பூ ரசம், சூடாக.

சித்திரை முதல் தேதிக்கு உரியதை டிசம்பரில் கொண்டுபோய் வைத்தாயிற்று. அவள் கவனிக்கவில்லை. ஜலஜா அடித்ததில் தப்பு இருக்காது என்று கஸ்தூரிரங்கன் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார். தாள் கடற்கரைக்குப் போயிற்று. தலைமை அலுவலகம் சொன்னால் அங்கே மறுபேச்சு ஏது? தங்க ஓரம் வைத்த அட்டையில் அச்சடித்து எல்லா அறைகளிலும் வைத்துவிட்டார்கள்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னால் அட்டையில் வேப்பம்பூ எப்படி வந்தது என்று கேட்டு ஹோட்டல் மானேஜரிடமிருந்து டிரங்க் கால் வந்தது. கஸ்தூரிரங்கன் போனை வைத்துவிட்டு ஜலஜாவைக் கூப்பிட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன பண்ணி வெச்சிருக்கே! வேப்பம்பூவா? வெள்ளைக்காராளுக்கா? ஜெனரல் மானேஜர் கூப்பிட்டிருக்கார். உன் பேரைச் சொல்றதத் தவிர எனக்கு வேற வழி இல்லைம்மா."

ஜலஜாவுக்கு வேலையைப் பற்றிக்கூடப் பயம் வரவில்லை. பைலில் இருக்கும் பேர் போய்விடுமே என்பதுதான் கவலை. ஜெனரல் மானேஜரைப் பார்க்க மாடிக்குப் போனவர் எப்போது இறங்குவார் என்று படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆனால் மாடியில் நடந்தது வேறு. ஜெர்மனியிலிருந்து வந்த விருந்தாளிகள் இரண்டு பேர் அட்டையைப் பார்த்து, பூவில் சூப்பா என்று வியந்துபோய்க் கேட்டார்களாம். அதற்காகவே இன்னும் நாலு பேர் அறை போட்டிருக்கிறார்களாம். "பிரமாதமான யோசனை! யாருடையது?" என்று ஜெனரல் மானேஜர் கேட்டார். குற்றப்பத்திரிகை படிக்கப் போன கஸ்தூரிரங்கன் கையிலிருந்த பைலை மூடினார். பிறகு, "என்னுடையதுதான் சார்" என்றார். அப்படியானால் நீங்களே போய்ப் பக்கத்தில் நின்று நடத்திக்கொடுங்கள் என்று உத்தரவாகிவிட்டது.

இறங்கிவந்தவர் ஜலஜாவின் முகத்தைப் பார்க்காமல் மேஜைக் கண்ணாடியைப் பார்த்துப் பேசினார். "உன்னக் காப்பாத்தியாச்சு. ஆனா பாரு, நானே போகும்படி ஆயிடுத்து. ஒரு சின்ன உபகாரம். ஆத்துல வேப்பம்பூ இருக்குமா? இந்த மார்கழில அங்க எங்க கிடைக்கும்?"

இருந்தது. ஏப்ரலில் ஜனக்புரித் தெருமரங்களுக்குக் கீழே புடவையை விரித்து அவள் சேர்த்து, மொட்டைமாடியில் காயவைத்த பூ. ஒரு டின் நிறைய. மறுநாள் கொண்டுவந்து கொடுத்தாள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று கஸ்தூரிரங்கன் அதைச் சூட்கேஸில் வைத்துக்கொண்டு ரயிலேறினார். நான் சேர்த்த பூ கடலைப் பார்க்கப் போகிறது, நான் போகவில்லை என்று நினைத்து அவள் அன்று பஸ்ஸில் அழுதாள். நல்லவேளை, பனிக்காக எல்லாரும் முகத்தை மப்ளரில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

முப்பத்தொன்றாம் தேதி பிற்பகல் நாலு மணி. பாதிப் பேர் லீவு. ஜலஜா தனியாக உட்கார்ந்து பழைய மெனுவின் நகல் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மனசில் மெழுகுவர்த்திகள் இந்நேரம் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. டெலிபோன் மணி அடித்தது. அவள் பேருக்கே வந்த லைட்னிங் கால், பல மடங்கு காசு கொடுத்தால் உடனே இணைப்புக் கிடைக்கிற அவசர அழைப்பு.

"அம்மா, நான் கருப்பசாமி. ஹோட்டல் குக்கு" என்றது ஒரு கனத்த குரல். "இருவது வருசம் மிலிட்டரி மெஸ்ஸுல இருந்தவன். நண்டு ரசம்னா கண்ண மூடிக்கிட்டு வெச்சிருவேன். இந்தப் பூவு நமக்குப் பழக்கமில்ல. அய்யா சொன்னாருன்னு புளித்தண்ணியோட போட்டுக் கொதிக்க வெச்சேன். வாயில வைக்க முடியல, விசமாட்டம் கசக்குது. பாதி டின் போச்சு. எட்டு மணிக்கு நூத்தி இருவது பேரு உக்காருவாங்க."

ஜலஜாவுக்குச் சிரிப்பு வந்தது. வேப்பம்பூவைக் கொதிக்கவைப்பார்களா யாராவது! வாயைத் திறப்பதற்குள் போன் கைமாறியது.

"ஜலஜா! நான்தாம்மா. மானம் போறது. எப்படிப் பண்ணணும்னு சட்டுனு சொல்லிடு. பெரிய அதிகாரிகளெல்லாம் வந்திருக்கா."

அவள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அவர் குரலுக்குப் பின்னால் ஏதோ இருந்தது. மெதுவாக, அகலமாக, ஏதோ.

"சார், போன் எங்க இருக்கு?"

"என்னது? வராந்தா பக்கம், ஆபீஸ் ரூம்ல. அதுக்கென்ன?"

"வயர் எட்டற வரைக்கும் வெளியில எடுத்துண்டு போங்கோ. கடலைப் பாத்துப் பிடிங்கோ. நான் முதல்ல அதைக் கேக்கணும். அப்பறம் ரசம்."

பதினோரு வருஷத்தில் 'எஸ் சார்' தவிர அவர் கேட்டறியாத வாய் அது.

"ஜலஜா, அடுத்த வருஷம் உன் பேர்தான். சத்தியமா. இப்ப ரசத்தச் சொல்லு."

"அடுத்த வருஷத்த அப்பறம் பாத்துக்கலாம் சார். இப்ப வராந்தாவுக்குப் போங்கோ."

நாற்காலி நகர்ந்தது. எங்கோ கதவு திறந்தது. முதலில் வெறும் இரைச்சல். இது கம்பியின் இரைச்சலா, கடலா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. பிறகு அது நின்றது. நின்ற இடத்தில், எங்கோ தொலைவில், எதையோ எடுத்து மடித்துப் போடுவதுபோல ஒன்று விழுந்தது. அதன் பிறகு நீளமாக ஒரு இழுப்பு. மறுபடி ஒரு நிறுத்தம். கம்பிக்கு மூச்சு வாங்கத் தெரியாது. இதற்குத் தெரிந்தது.

டைப் மிஷினின் சத்தம் இதற்குக் கிட்டக்கூட வராது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. எத்தனை அவசரமே இல்லாத சத்தம்! அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அலுவலகத்துச் சுவர்கள், பைல் அடுக்குகள், பனி எல்லாம் நனைந்துகொண்டே வந்தன. சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷத்திலும் எங்கோ வலித்தது. கிட்டே போய்க் காலை நனைக்க முடியாத வலி அது. அதையும் சேர்த்தே கேட்டாள்.

"தீன் மினட் ஹோ கயே" என்றாள் ஆபரேட்டர் நடுவில் புகுந்து, மூணு நிமிஷம் முடிந்தது என்று.

"ஔர் தீன் மினட், பெஹன்ஜி" என்று ஜலஜா இன்னும் மூணு நிமிஷம் கேட்டாள்.

"ஜலஜா! கை வலிக்கிறதும்மா. காத்து வேற தூக்கறது. எல்லாரும் பாக்கறா" என்று கஸ்தூரிரங்கனின் குரல் அலைக்குள்ளிருந்து வந்தது. "நெய்யாவது காயவைக்கச் சொல்லட்டுமா?"

"காயட்டும் சார். பூ நெய்யில வறுத்துக் கடைசிலதான் விழணும், அதுக்கு இன்னும் நேரம் இருக்கு" என்றாள் ஜலஜா, கண்ணைத் திறக்காமல். "நீங்க கையை இறக்காதீங்கோ. நான் இன்னும் கேட்டு முடிக்கலை."